பஞ்சாரத்துக்குள் பங்களாக் குட்டி

இடுப்புக்கு ஒன்றாக இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, மூன்றாவது பிள்ளையின் தொட்டிலைக் கால் விரலால் ஆட்டிக்கொண்டு, நாலாவது பிள்ளை மண்ணை எடுத்து வாயில் போடுகிறதா என்று பார்த்தபடி நிற்பாள் காளியம்மா அக்கா. அவளைப் பற்றி நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த நிற்பு. அத்தனையும் செய்கிறவள் முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. ஒரு நாய்க்காக அவள் துரையையே எதிர்த்து நின்றதைச் சொன்னால், நாய்க்கா இவ்வளவு என்று சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

எங்கள் ரப்பர் தோட்டம் சிகாமட்டுக்கு வடக்கே, ரயில் தண்டவாளத்தைத் தாண்டி உள்ளே இருந்தது. சப்பான்காரன் வருவதற்குப் பல வருஷம் முந்திய காலம். விடியுமுன் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவார்கள். கூப்பிடும்போது ஆள் நிற்காவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. அதனால் ரப்பர்ப் பாலுக்காக மரப்பட்டையைக் கீறி மரம் வெட்டப் போகிற பெண்கள் நாங்கள் இருட்டோடு பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு ஓடுவோம். அத்தாப்பு ஓலைக் கூரை, பலகைத் தரை, உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள், மூலையில் கொசுவுக்குப் புகைச்சட்டி. அந்தக் கொட்டகைக்கு ஆயா காளியம்மா அக்கா. என் மகள் செல்வராணிக்கு முப்பது நாள் கழிந்ததும் அவள் கையில்தான் கொடுத்தேன்.

அவளும் முன்பு எங்களோடு மரம் வெட்டியவள்தான். சேலம் பக்கத்திலிருந்து சின்ன வயதில் கப்பல் ஏறி வந்தவள். புருஷன் காய்ச்சலில் போனான். பெற்றது இரண்டு, இரண்டும் தங்கவில்லை. அதை அவள் யாரிடமும் விரித்து வைத்து அழுது நான் பார்த்ததில்லை. பழைய ஆயா ஊருக்குத் திரும்பியபோது இவளே நேராகத் துரையிடம் போய், "அந்த வேலை எனக்கு வேணும்" என்று கேட்டாளாம். "உனக்குப் பிள்ளை இல்லையே" என்றாராம் துரை. "அதனாலதான் கேக்குறேன். என் புள்ளைக்கு ஒண்ணு, அடுத்தவ புள்ளைக்கு ஒண்ணுன்னு பார்க்க மாட்டேன்" என்றாளாம். வேலை கிடைத்தது.

பிள்ளை அழுகிற சத்தத்தை வைத்தே காரணம் சொல்லுவாள். வெயிலில் பால் வாளியை இறக்கி வைத்துவிட்டு நாங்கள் பதறிப் போய் நிற்போம். "ஓடாதே. அது பசி அழுகை இல்ல, எறும்பு" என்பாள். துணியை விரித்துப் பார்த்தால் எறும்பு இருக்கும்.

அவளுக்குத் துணையாகக் கொட்டகையில் ஒரு நாய் இருந்தது. பேர் முனியன். ஆறு கரை மீறி நாங்கள் குடியிருந்த லயத்து வாசல்வரைக்கும் வந்த பெருவெள்ளத்தில், மிதந்து வந்த வாழைத்தண்டின் மேல் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த செவலைக் குட்டி அது. மார்பளவு தண்ணீரில் இறங்கி எடுத்து வந்தவள் அக்கா. அதற்கு முனியன் என்று பேர் வைத்ததும் கோயில் பூசாரி வீரமுத்து சண்டைக்கே வந்துவிட்டார்.

"சாமி பேரை நாய்க்கு வைக்கலாமா, காளியம்மா?"

"முனியாண்டி தோட்டத்து எல்லையில காவல் நிக்கிறாரு. இது கொட்டகையில காவல் நிக்கப்போவுது. வேலை ஒண்ணுதானே? அவருக்குக் கோவம்னா எங்கிட்டயே வந்து சொல்லட்டும். நடுவுல நீங்க எதுக்கு?"

முனியாண்டி வந்து ஒன்றும் சொல்லவில்லை. பேர் நிலைத்துவிட்டது.

பேருக்குத் தக்கபடிதான் அந்த நாயும் இருந்தது. தொட்டில் தொட்டிலாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாசலில் படுக்கும். உடும்பு வந்தால் ஆற்றங்கரைவரைக்கும் துரத்தும். கூரையில் இறங்குகிற குரங்குக் கூட்டம் முனியனைப் பார்த்ததும் மரத்துக்கு ஏறிவிடும். பிள்ளைகள் அதன் காதை இழுக்கும், வாலைக் கடிக்கும். கண்ணை மூடிக்கொண்டு பொறுத்துக்கொள்ளும். ஆனால் வேறு நாய் ஒன்று முற்றத்தில் கால் வைக்க முடியாது. லயத்து நாய்கள் எல்லாம் அந்தப் பக்கமே வராது.

வருஷம் போகப் போக முனியனுக்கு மூஞ்சி நரைத்தது. ஒரு காது முழுவதும் போனது. இன்னொன்றில் பாதிதான் கேட்டது. ஒருநாள் நல்ல பகலில் கொட்டகைக்குள் நாகம் ஒன்று வந்துவிட்டது. கடைசித் தொட்டிலுக்குக் கீழே நெளிகிறது, முனியன் வாசலில் தூங்குகிறது. அக்கா விறகுக்கட்டையை எடுத்துத் தானே அடித்துப் போட்டாள்.

செத்த பாம்பை முதலில் பார்த்த வெளியாள் வேலுக் கங்காணி. கங்காணி கெட்டவர் இல்லை. ஆனால் தோட்டத்தில் எது நடந்தாலும் துரை காதில் அதை முதலில் போடுகிற ஆள் தானாக இருக்க வேண்டும் என்பது அவருக்கு ஒரு வியாதி. அன்று சாயங்காலமே துரை குதிரையில் வந்து இறங்கினார். வெள்ளைக்காரர். தமிழ் பேசுவார், அவருக்கு வருகிற தமிழ்.

"காளியம்மா. நாய் கிழவன். காது இல்லை. பாம்பு வருது, நாய் தூங்குது. இது நல்லா இல்லை."

"நாய் தூங்குச்சு தொரை. நான் தூங்கலையே."

"பங்களா நாய் குட்டி போட்டிருக்கு. சீமை ஜாதி. ஒரு குட்டி நான் தரேன். கிழவனைச் சுடணும்."

அதை அவர் கோபத்தில் சொல்லவில்லை. உதவாத நாயைச் சுட்டுவிடுவது அந்த நாளில் தோட்டத்து வழக்கம். காய்ந்த மரத்தை வெட்டுவதுபோல்தான் அவருக்கு. அங்கே நின்ற பெண்களில் அக்கா மட்டும் பேசினாள்.

"புதுசு வரட்டும் தொரை, வேணாங்கலை. பழசும் இருக்கட்டும். எது பாம்பு, எது கயிறு, எந்தப் புள்ளை தவழும், எது உருளும்னு புதுசுக்கு யாரு சொல்லிக் குடுப்பா? நீங்களா வந்து சொல்லிக் குடுப்பீங்க?"

என்னோடு மரம் வெட்டுகிற கருப்பாயி என் கையைக் கிள்ளினாள். துரைக்குச் சிரிப்பு வந்ததோ கோபம் வந்ததோ, மீசை அசைந்தது.

"கிழவன் குட்டியைக் கடிக்கும்."

"கடிக்க விடமாட்டேன்."

துரை தலையைத் தூக்கி மரங்களைப் பார்த்தார். இலை பழுத்துக் கொட்டுகிற காலம் அது. தோட்டமே சிவந்துபோய் நின்றது.

"சரி. மரம் புது இலை போடும். அதுவரை நேரம். குட்டி மேல் ரத்தம் பார்த்தால் நான் சுடுவேன். புது இலை வந்து, ரெண்டும் சேரவில்லை என்றாலும் சுடுவேன். கேட்டியா?"

"கேட்டேன் தொரை" என்றாள் அக்கா.

மறுநாள் மதியம், நாங்கள் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த நேரம், கங்காணி ஒரு ரொட்டிப் பெட்டியில் குட்டியைக் கொண்டுவந்தார். வெள்ளை வெளேரென்று, குழாயிலிருந்து தள்ளிய புட்டு மாதிரி உருண்டையாக இருந்தது. பிள்ளைகள் புட்டு, புட்டு என்று கத்தின. அதுவே அதற்குப் பேராகிவிட்டது. பெட்டைக் குட்டி.

அப்புறம் நாங்கள் செய்ததை நம் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். முதல் முதலாக வாசலுக்கு வருகிற பெண்ணையும் பிள்ளையையும் ஆலம் சுற்றாமல் உள்ளே விடுகிற பழக்கம் நம்மிடம் இல்லையே. கருப்பாயி தாம்பாளத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து எடுத்து வந்தாள். "சீமைப் பொண்ணு, சும்மாவா கூப்பிடுறது?" என்று ஒரே சிரிப்பு. அக்காவும் சிரித்துக்கொண்டு சரி என்றுவிட்டாள். குறுக்கே வராமல் இருக்கட்டும் என்று முனியனைத் தூணில் கட்டினோம். குட்டிக்கு மூன்று சுற்றுச் சுற்றி, நெற்றியில் குங்குமம் வைத்தோம். வந்தவள் பசியோடு இருப்பாளே என்று முனியனின் சிரட்டையிலேயே பாலை ஊற்றி முதலில் அதற்கு வைத்தோம். குடித்து முடித்ததும் முனியன் படுக்கிற சாக்கில் தூக்கிப் படுக்க வைத்தோம். விருந்தாளிக்கு எது குறை?

அதற்குப் பிறகுதான் முனியனை அவிழ்த்தது.

அது குரைக்கவில்லை, உறுமவில்லை. நேராகப் போனது. குட்டியின் கழுத்துக்கு வாய் போகிற நேரத்தில் அக்கா பாய்ந்து தன் கையை நடுவில் கொடுத்துவிட்டாள். பல் முழங்கைக்குக் கீழே இறங்கியது. யார் கை என்று தெரிந்ததும் முனியன் விட்டுவிட்டு, வயிறு தரையில் தேயப் பின்னால் போய்ச் சுவரோரம் சுருண்டது. குட்டி வீல் வீலென்று கத்துகிறது, பிள்ளைகள் அதோடு சேர்ந்து கத்துகின்றன, பலகையெல்லாம் ரத்தம்.

"போச்சு! ரத்தம்! தொரைகிட்டச் சொல்லணும்" என்று கங்காணி வேட்டியை மடித்துக் கட்டினார்.

அக்கா சேலைத் தலைப்பால் கையை அழுத்திக்கொண்டு, "சொல்லுங்க கங்காணியாரே. யாரு ரத்தம்னும் சேர்த்துச் சொல்லுங்க" என்றாள். "குட்டியைத் தூக்கிப் பாருங்க. ஒரு கீறல் இருக்கா? தொரை சொன்னது குட்டி மேல ரத்தம். என் ரத்தத்தைப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லலை."

கங்காணி குட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குங்குமத்தைத் தவிரச் சிவப்பு எதுவும் இல்லை. கீறலே இல்லாத குட்டியைக் காட்டித் துரையிடம் என்ன சொல்வது என்று, அதைக் கீழே விட்டுவிட்டு வேட்டியை இறக்கிக்கொண்டார்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்த அக்கா அன்று சாயங்காலம் முனியன் எதிரில் கால் நீட்டி உட்கார்ந்தாள். அடிப்பாள் என்று நினைத்தோம். அவள் கோபம் எங்கள் மேல் திரும்பியது, தன்னையும் சேர்த்துத்தான்.

"நாம ஆடின கூத்தை அவன் பக்கம் நின்னு பாருங்கடி. பொறந்ததுலேருந்து கட்டாத நாயைக் கட்டிப்போட்டோம். அவன் வாசல்ல வேற ஒருத்திக்கு ஆலம் சுத்துறோம். அவன் சிரட்டையில அவளுக்குப் பாலு, அவன் சாக்குல அவளுக்குப் படுக்கை. ஏண்டி கருப்பாயி, உன் புருசன் இன்னொருத்தியைக் கூட்டியாந்து உன் பாயில உக்கார வச்சு, உன்னைத் தூணில கட்டிப்போட்டா, அவுத்து விட்டதும் நீ என்ன செய்வே?"

"கழுத்தைத்தான் கடிப்பேன்" என்றாள் கருப்பாயி.

"அதைத்தானே அவனும் செஞ்சான்? இனிமே இந்தக் கொட்டகையில விருந்தாளிக்கு அப்புறம்தான். வீட்டுக்காரனுக்குத்தான் முதல்ல."

மறுநாள் கோழி கவிழ்க்கிற பஞ்சாரம் ஒன்றை வாங்கி வந்தாள். முற்றத்தின் கோடியில், முனியன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், அதற்குள் குட்டியை விட்டுக் கவிழ்த்து மேலே கல்லை வைத்தாள். மூங்கில் இடுக்கு வழியாக முனியன் பார்க்கலாம், மோந்து பார்க்கலாம், பல் எட்டாது. முனியன் மயிர் சிலிர்க்காமல் படுத்திருந்தால் பஞ்சாரத்தை ஓர் எட்டுப் பக்கத்தில் நகர்த்துவாள். சிலிர்த்தால் பின்னுக்கு நகர்த்துவாள். இரவில் குட்டியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோவாள். அது படுத்த சாக்கைக் காலையில் முனியனுக்குப் போடுவாள், முனியன் சாக்கைக் குட்டிக்கு. இரண்டும் ஒன்றின் வாசனையில் ஒன்று படுத்துப் பழகட்டும் என்றாள்.

கங்காணி வந்தால் சும்மா போகமாட்டார்.

"சீமை நாயைக் கோழிக்கூடையில கவுத்திருக்கியே காளியம்மா, முட்டையா போடப்போவுது?"

"போட்டா முதல் முட்டை உங்களுக்குத்தான் கங்காணியாரே. அடை காக்கவும் நீங்கதான் வரணும்."

சோறு வைக்கும்போது முதலில் முனியனுக்கு. அது தின்று, நக்கி, நகர்ந்த பிறகுதான் பஞ்சாரத்துக்குள் சிரட்டை போகும். முனியன் பார்க்கிறபோது குட்டியை யாரும் மடியில் வைக்கக்கூடாது, கொஞ்சக்கூடாது. இதுதான் எங்களுக்கு ஆகவில்லை. பச்சைக் குட்டி உள்ளே நின்று கத்துகிறது, கிழட்டு நாய் சாவகாசமாகத் தின்கிறது. கருப்பாயிக்கு மனசு கேட்கவில்லை. அக்கா ஆற்றுக்குப் போயிருந்தபோது பஞ்சாரத்தைத் தூக்கிக் குட்டியை மடியில் வைத்துச் சோறு ஊட்டினாள். திரும்பி வந்த அக்கா பார்த்தது, முனியன் விறைத்துப்போய் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்ததைத்தான். குட்டியைப் பிடுங்கிக் கவிழ்த்துவிட்டுக் கருப்பாயி மேல் பாய்ந்தாள்.

"பாவம்னு செஞ்சேங்க்கா."

"உன் பாவம் அவன் உசுருக்கு உலை வைக்குதுடி! குட்டிக்கு அரை நேரம் பசிச்சா சாகாது. இவனைச் சுட்டா திரும்ப வருவானா?"

பஞ்சாரம் மறுபடி முற்றத்துக் கோடிக்குப் போனது. எல்லாம் முதலிலிருந்து. அதற்குள் மரங்கள் மொட்டையாகிவிட்டன. கொட்டகையைச் சுற்றிச் சருகு முழங்கால் மட்டும் கிடந்தது. கிளை நுனிகளில் மொக்குத் தெரிய ஆரம்பித்தது. வேலை நடுவே நான் அண்ணாந்து அந்த மொக்கையே பார்ப்பேன். அக்கா மேலே பார்க்கவே மாட்டாள். "மரம் அது வேலையைப் பார்க்குது. நான் என் வேலையைப் பார்க்குறேன்" என்பாள்.

பிள்ளைத் துணி அலசச் சாயங்காலத்தில் ஓடைக்குப் போவாள். அதற்கு இரண்டையும் கூட்டிப் போகத் தொடங்கினாள். முனியன் அவிழ்த்தபடி முன்னால். குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நான் பின்னால். கொட்டகையில் முறைக்கிற முனியன் அங்கே குட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு ஆச்சரியம்.

"இங்க யாரு வாசல் இருக்கு ராசம்மா?" என்றாள் அக்கா. "கோயில் திருவிழாவில பக்கத்துல பக்கத்துல நிக்கிற ரெண்டு பேரு, அவங்கவங்க வீட்டு வாசல்னு வந்தாத்தானே சண்டை போடுவாங்க?"

ஒருநாள் ஓடைக்கரையில் என் பிடி நழுவிக் குட்டி ஓடிவிட்டது. முனியனின் கேட்காத காதுப் பக்கமாகப் போய் அதன் மூஞ்சியில் மூக்கை வைத்தது. முனியன் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பி வாயைப் பிளந்தது. பல் மூடிய சத்தம் எனக்குக் கேட்டது.

"கடிச்சிருச்சுக்கா!" என்று அலறினேன்.

அக்கா துவைத்த துணியோடு அப்படியே நின்று பார்த்தாள். குட்டி மல்லாந்து கிடந்து வயிற்றைக் காட்டிக்கொண்டிருந்தது. முனியன் அதை ஒரு தரம் மோந்துவிட்டு வேறு பக்கம் நடந்தது.

"கடிக்கணும்னு நெனச்சிருந்தா காத்தைக் கடிச்சிருக்க மாட்டான்" என்றாள். "சொல்லாம கொள்ளாமப் பின்னாடி வராதேடின்னு சொன்னான். அவளும் சரிங்கன்னா. ராசம்மா, அவன் பேச ஆரம்பிச்சிட்டான்! அன்னிக்குப் பேசாமக் கடிச்சான் பாரு, அதுதான் பயம். இனி அவன் உறுமட்டும், நல்லா உறுமட்டும்."

அன்றிலிருந்து குட்டி கிட்டே வரும்போதெல்லாம் அக்கா பலகையில் குதிகாலால் தட்டுவாள். காதில் கேட்காவிட்டாலும் தரை அதிர்வது முனியனுக்குத் தெரியும். தலையைத் தூக்கி, யார் வருகிறது என்று பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். பஞ்சாரம் முற்றத்திலிருந்து வாசலுக்கு வந்தது. வாசலிலிருந்து உள்ளே வந்தது. பிறகு கல்லை எடுத்தாள். பிறகு பஞ்சாரத்தையே எடுத்துவிட்டாள். ஒரு மதியம் நான் போனபோது, முனியனின் பின்காலில் தலை வைத்துக் குட்டி தூங்கியது. முனியன் கால் மரத்துப்போனாலும் பரவாயில்லை என்பதுபோல் அசையாமல் கிடந்தது. நான் கையைத் தட்டப் போனேன். "கண்ணு வைக்காதே, போய்ப் புள்ளைக்குப் பால் குடு" என்று அக்கா விரட்டிவிட்டாள்.

மொக்கு வெடித்துத் தளிர் செம்பு நிறத்தில் வந்தது. பிறகு பச்சைக்குத் திரும்பியது. அந்த வாரத்தில்தான் துரை குதிரையில் வந்தார். தோளில் துப்பாக்கி. கூடவே கங்காணி. மதியம் ஆனதால் பிள்ளைகளை எடுக்க வந்த பெண்கள் எல்லாரும் இருந்தோம்.

துரை வாயைத் திறப்பதற்குள் கங்காணி முந்திக்கொண்டார். "தொரை, முதல் நாளே கிழடு கடிச்சது தொரை. காளியம்மா கையைப் பாருங்க."

துரை பார்த்தார். தழும்பு நன்றாகத் தெரிந்தது. அவர் முகம் சிவந்தது.

"காளியம்மா. நீ எனக்குச் சொல்லவில்லை."

"நீங்க கேக்கலை தொரை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். முனியன் பல்லுதான். தப்பு அவனுதில்ல, குட்டியை உள்ள கொண்டாந்த முறை தப்பு. அதை நான் திருத்திட்டேன்."

"திருத்தினால் நான் பார்க்கணும். சோறு வை. ரெண்டு பேருக்கும். குட்டிக்கு முதலில்."

அக்கா சோற்றுச் சட்டியைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள். "முடியாது தொரை" என்றாள்.

தோட்டத்தில் யாரும் துரையிடம் சொல்லாத சொல் அது. கங்காணி கண்ணை மூடிக்கொண்டார்.

"குட்டி உங்க பங்களாப் புள்ளை, உங்களுக்கு ஆசையா இருக்கும். எனக்கும் இருந்துச்சு, அதுலதான் இந்தத் தழும்பு. இங்க மூத்தவனுக்கு வச்சப்புறம்தான் சின்னவளுக்கு. அந்த முறையிலதான் ரெண்டும் சேர்ந்திருக்கு. முறையை மாத்தச் சொன்னா மாத்தமாட்டேன். அப்புறம் நீங்க சுடுறதுன்னா சுடுங்க, ஆனா நான் சோறு வச்ச லட்சணத்தாலே செத்தான்னு இருக்கக்கூடாது."

துரை தாடையால் சட்டியைக் காட்டினார், வை என்று.

அக்கா முனியன் சிரட்டையில் சோற்றை வைத்தாள். முனியன் வாயை வைத்தது. அந்த நேரம் பார்த்துக் குட்டிக்குத் துரையின் வாசனை வந்திருக்க வேண்டும். குதித்துக் கும்மாளம் போட்டுக்கொண்டு அவர் பூட்ஸைச் சுற்றி ஓடியது. அந்தத் துள்ளலில் படித்ததெல்லாம் மறந்துபோய் நேராக முனியன் சிரட்டைக்குள் மூக்கை விடப் போய்விட்டது.

முனியன் உதடு மேலே சுருண்டது. அடித்தொண்டையிலிருந்து உறுமியது. அந்த உறுமலில் தொட்டிலில் கிடந்த பிள்ளை ஒன்று விழித்துக்கொண்டது. துரை துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கி, பிள்ளைகள் இல்லாத பக்கமாக இரண்டு எட்டு விலகினார்.

இந்த முறை அக்கா நடுவில் பாயவில்லை. பாயாமல் நிற்பதுதான் அவளுக்கு எத்தனை பாடு என்பது பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது.

"பேசுறான் தொரை. பேசட்டும், விடுங்க" என்றாள்.

குட்டி நின்றது. முனியனைப் பார்க்காமல் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டது. ஓர் எட்டுப் பின்னால் வைத்து, பின்காலை மடக்கி உட்கார்ந்து, உதட்டை நக்கிக்கொண்டது. முனியனின் உதடு கீழே இறங்கியது. பழையபடி தின்ன ஆரம்பித்தது. அவசரமே இல்லை. ஒரு பருக்கை விடாமல் தின்கிற நாய், அன்றைக்கு ஒரு வாய்ச் சோற்றைச் சிரட்டையில் விட்டுவிட்டு நகர்ந்தது. குட்டி வந்து அதைத் தின்றது. முனியன் பக்கத்தில் நின்று பார்த்தது, அவ்வளவுதான்.

அப்போது கடைசித் தொட்டிலில் என் செல்வராணி சிணுங்கினாள். முனியனுக்கு அது கேட்கவில்லை. குட்டிக்குக் கேட்டது. தின்பதை விட்டுவிட்டுக் காதை நிமிர்த்திக் குரைத்துக்கொண்டு அந்தத் தொட்டிலைப் பார்த்து ஓடியது. குட்டி ஓடுகிற திக்கைப் பார்த்து முனியன் பின்னாலேயே போனது. தொட்டிலுக்கு அடியில் மோந்தது, சுற்றிப் பார்த்தது, ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அங்கேயே படுத்துக்கொண்டது. குட்டியும் அதைப் பார்த்துப் படுத்துக்கொண்டது.

துரை மனசு இரங்கி விட்டுவிட்டார் என்றுதான் தோட்டத்தில் பிற்பாடு சொன்னார்கள். கங்காணி, தான் எடுத்துச் சொன்னதால் விட்டார் என்றுகூடச் சொல்லிக்கொண்டார். இரண்டையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரக்கப்பட்டு விட்ட முகம் இல்லை அது. கண்ணால் பார்த்து, வேறு வழி இல்லாமல் ஒத்துக்கொண்ட முகம். அதைப் பார்க்க வைத்தவள் காளியம்மா. நாய்க்குப் பரிந்து பேசுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். நாய் பக்கம் நின்று தன் பழக்கத்தையே தப்பு என்று மாற்றிக்கொண்டவள் அவள் ஒருத்திதான் எனக்குத் தெரிந்து.

துரை தொண்டையைச் செருமினார். "காது குட்டிக்கு. புத்தி கிழவனுக்கு. சரி. ரெண்டும் இருக்கட்டும்."

நாங்கள் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டோம். அக்கா கும்பிடவில்லை. சட்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப அந்தத் துப்பாக்கியை அங்கிட்டுக் கொண்டுபோங்க தொரை. புள்ளைங்க தூங்குற இடம்."

துரை குழலைத் தரைப் பக்கம் திருப்பிக்கொண்டு படி இறங்கினார். கங்காணி அவர் பின்னால் ஓடினார். சருகில் அவர்கள் நடக்கிற சத்தம் கேட்டுக் குட்டி எழுந்தது, குட்டி எழுந்ததைப் பார்த்து முனியன் எழுந்தது. முற்றத்துக் கோடிவரைக்கும் முனியன் முன்னால், புட்டு பின்னால் போய், குதிரை மறைகிறவரை நின்று பார்த்தன. அக்கா குதிகாலால் பலகையைத் தட்டினாள். இரண்டும் திரும்பி வந்தன.